படப்புத்தகத்தை ஏலம் கூறியவன்

புன்னைத்துறையில் கித்தேரியான் என்று ஓர் ஏலக்காரன் இருக்கிறான். நம்பாதவர்கள் விடிகிற நேரத்தில் மீன் ஏலக்கூடத்துப் பக்கம் போய்க் காதைக் கொடுத்தால் போதும், ஆளைத் தேட வேண்டிய வேலையே இல்லை, கடல் சத்தத்துக்கு முன்னால் அவன் சத்தம்தான் வந்து மேலே விழும். முதல் வள்ளம் கரையைத் தட்டினதும் வாயைத் திறப்பான், கடைசிக் கூடை சாளை கைமாறுகிற வரைக்கும் மூடமாட்டான், மூடுகிற பழக்கமே விட்டுப் போனதாலோ என்னவோ வீட்டுக்கு வந்தும் மூடமாட்டான், சோறு தின்னும்போதும் பேச்சு, குளிக்கும்போதும் பேச்சு, கோயிலில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போதுகூடப் பக்கத்தில் இருக்கிறவன் காதில் குசுகுசுவென்று பேச்சு. அவன் பெண்டாட்டி ஜெனோவா கலியாணமான புதிதில் இந்த மனுசன் தூங்கும்போதாவது சும்மா கிடப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம், தூக்கத்திலும் அவன் சூரையையும் சீலாவையும் விற்றுக்கொண்டுதான் கிடந்தான்.

ஆனால் ஒன்று, அவன் வாயிலிருந்து மூணு தரம் வந்துவிட்டால் வந்ததுதான். ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவான், கேட்கிறவன் கேட்கட்டும் என்று, அந்த மூச்சுக்குள் யார் குரல் கடைசியாக விழுந்ததோ அவருக்குத்தான் சாமான். மூணு தரம் சொன்ன பிறகு கோடீசுவரன் வந்தாலும் சரி, கலெக்டர் வந்தாலும் சரி, மாற்றமே கிடையாது. அவன் அப்பா காலத்திலும் அப்படித்தான், அதற்கு முந்தியும் அப்படித்தான், புன்னைத்துறையில் கடலுக்கு அடுத்தபடி ஆட்கள் பயப்பட்டது அந்தச் சொல்லுக்கு. அதனால்தான் பின்னால் நடந்த காரியத்தில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

இப்படி வாய் ஓயாத மனுசனுக்குப் பிறந்த டெல்பினாவுக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு வயது முடிந்து அடுத்த வயதும் பாதிக்கு மேல் ஓடிவிட்டது, அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் அங்கன்வாடியில் வாய்க்கு வாய் சண்டை போட, இவள் மட்டும் தலையைச் சாய்த்து எல்லாருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருப்பாள். பெரியாஸ்பத்திரியில் காதைச் சோதித்துப் பார்த்து நன்றாகக் கேட்கிறது என்றார்கள். செருப்பை எடுத்துக்கொண்டு வா என்றால் எடுத்து வருவாள், பூனையை விரட்டு என்றால் விரட்டுவாள், எல்லாம் புரிகிறது, சொல் மட்டும் வெளியே வரவில்லை. பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஜெனோவா மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். கித்தேரியான் ஒன்றும் நேரவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை, உலகத்தில் அவன் பேசாமல் வைத்திருந்த ஒரே விஷயம் அதுதான்: இந்தப் பிள்ளை ஒரு தடவை தன்னை அப்பா என்று கூப்பிட வேண்டும். கூடையைத் தூக்குகிறபோதும் கூப்பாடு போடுகிறபோதும் அந்த ஆசை தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டேயிருந்தது.

அங்கன்வாடி சந்தனமாரி டீச்சர்தான் அந்தப் படப்புத்தகத்தைக் கொடுத்தாள். கெட்டி அட்டை, பக்கத்துக்கு ஒரு படம், கீழே கொட்டை எழுத்தில் பேர். தினமும் பிள்ளையை மடியில் வைத்துப் படம் காட்டுங்கள், பேச்சு தானாக வரும் என்றாள். அதற்கு மேலும் ஏதோ சொன்னாள், ஆனால் அதற்குள் கித்தேரியான் பேச ஆரம்பித்திருந்தான், புத்தகம் எவ்வளவு நன்றாக இருக்கிறது, டீச்சர் எவ்வளவு நல்லவள், போன வாரம் வந்த திருக்கை எவ்வளவு பெரிது என்று போய்க்கொண்டேயிருந்ததில் மிச்சப் பாதி அவன் காதில் ஏறவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே, வெயில் தாழ்ந்து தெருவில் காற்று வரும் நேரத்தில், வாசலில் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மகளை மடியில் இருத்தி, புத்தகத்தை விரித்தான். பிள்ளைக்குப் படம் காட்டுவது எப்படி என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், தெரிந்த ஒரே ராகத்தில் இழுத்தான். யானை, யானை, ஆளைவிடப் பெரிய யானை, தும்பிக்கை பாரு, தந்தம் பாரு, முறம் மாதிரிக் காது பாரு, இன்னைக்கு விட்டா நாளைக்குக் கிடைக்காத யானை, யாருக்கு யானை, யாருக்கு யானை, ஒரு தரம், ரெண்டு தரம். எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த இசக்கிமுத்து அண்ணாச்சி வேடிக்கையாக, "எனக்குத்தாம்வே" என்றார். கித்தேரியானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூணு தரம் என்றான்.

யானை புத்தகப் பக்கத்திலிருந்து இறங்கி, தெருவைக் கடந்து, டீக்கடைச் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒருத்தரும் கத்தவில்லை. இசக்கிமுத்து டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "சரி, கேட்டுட்டோம், வச்சுக்கிட வேண்டியதுதான்" என்றார். மூணு தரம் சொல்லியாகிவிட்டதே, படமாக இருந்தால் என்ன, பாறை மீனாக இருந்தால் என்ன. மீன் வியாபாரி பனிமயத்தக்கா வந்து இடுப்பில் கை வைத்து நின்று, அடுத்து என்ன வைத்திருக்கிறாய், காட்டு என்றாள். கித்தேரியான் பக்கத்தைப் புரட்டினான். பசு பனிமயத்தக்காவுக்குப் போனது, பஸ் சலூன்கார பெர்க்மான்ஸுக்கு, குடை கன்னியர் மடத்துச் சமையல்காரிக்கு, சேவல் ஐஸ் கம்பெனி வாட்ச்மேனுக்கு. இருட்டுகிறதற்குள் அத்தனை படமும் விலைபோய்விட்டது. கித்தேரியானுக்குத் தொழிலில் அப்படி ஒரு நாள் அமைந்ததே இல்லை, எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டான்.

அப்புறம்தான் கீழே பார்த்தான். டெல்பினா புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளை. யானை இருந்த இடத்தில் விரலை வைத்து, அப்பன் முகத்தைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைத் திறந்து, பசு இருந்த இடத்தில் விரலை வைத்து, மறுபடி முகத்தைப் பார்த்தாள். அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு. பெற்ற பிள்ளை பேசக் கொடுத்த சாமானை அவள் மடியில் இருக்கும்போதே ஊருக்கு விற்றுத் தொலைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டான். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, எடுத்துக்கொள் தம்பி என்றுதான் சொன்னார்கள். பனிமயத்தக்கா பசுவைக் கொம்பைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள், பசு ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு வந்து மறுபடி அவள் வீட்டுச் சுவரிலேயே நின்றது. மறு ஏலம் போடலாமே என்றான் பெர்க்மான்ஸ். போட்டு என்ன செய்ய, ஏலம் கூறுகிறவனோ அவன் பெண்டாட்டியோ ஏலம் கேட்கக் கூடாது என்பது அந்தத் துறையின் கட்டுப்பாடு, அதனால்தான் கித்தேரியான் ஆயுசுக்கும் ஒரு மீனைக்கூட ஏலத்தில் எடுத்ததில்லை, குழம்புக்கு வேண்டியதை அடுத்தவர்களிடம்தான் வாங்குவான். வேறு யாராவது நின்று கூறட்டும் என்றால், அவர்கள் கூறுகிற ஏலத்துக்குப் படங்கள் காதைக்கூட அசைக்கவில்லை.

தெரு என்னமோ நாலு நாளில் பழகிவிட்டது. படங்களுக்கு ஒரு பக்கம்தான் உண்டு, முதுகுப் பக்கம் வெள்ளை, அதனால் யானைக்கு ஒற்றைக் கண்தான், அது உங்களைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள்தான் நகர்ந்து நிற்க வேண்டும். கொண்டல் காற்று வீசினால் பசு கொடியில் போட்ட சேலை மாதிரிப் படபடக்கும், பனிமயத்தக்கா வாலில் ஒரு கல்லைக் கட்டிவிட்டாள். சிவப்பு பஸ் காலையில் ஒரு தரம் தெருவில் போய்த் திரும்பி வரும், ஜன்னலில் இருக்கிற ஆட்கள் சிரித்துக்கொண்டே போவார்கள், உள்ளே என்று ஒன்று இல்லாததால் யாரும் ஏற முடியாது, ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையைக் காட்டிப் பார்க்கத்தான் செய்தார்கள். மடத்துச் சமையல்காரி குடைக்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டாள், தூறல் விழுந்தால் சாயம் கரைந்துவிடுமே என்று குடையை நனையாமல் உள்ளே எடுத்து வைத்துவிட்டு அவள் நனைந்துகொண்டு நிற்பாள். சாமியார் வந்து பார்த்துத் தண்ணீர் தெளிக்கக் கையை ஓங்கினார், சாயம் போய்விடும் சாமி என்று எல்லாரும் சேர்ந்து தடுத்துவிட்டார்கள், அவரும் தூர நின்று ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்.

படம் இங்கே வராவிட்டால் பிள்ளையை அங்கே கொண்டுபோவோம் என்று ஜெனோவாதான் சொன்னாள். அதுவும் சரிதானே, பக்கத்தைப் புரட்டுவதற்குப் பதில் வாசலைப் புரட்ட வேண்டியதுதான். சாயங்காலமானால் கித்தேரியான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெள்ளைப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவான், முதலில் பனிமயத்தக்கா வீட்டுச் சுவர். "பசு பாரு மக்கா, பசு, கொம்பு பாரு, வால் பாரு, மடி பாரு, பால் குடுக்கும் பசு, புல் திங்கும் பசு, அம்மான்னு கத்தும் பசு" என்று ஆரம்பித்தால் அடுத்த வீடு வருகிற வரை நிறுத்தமாட்டான். டெல்பினா பசுவைப் பார்க்கமாட்டாள், அலை வருவதும் போவதும் பார்க்கிற மாதிரி அப்பன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படியே ஒரு மாதம் ஓடியது, ஒரு சொல் வரவில்லை. கித்தேரியான் தொண்டை கட்டிப்போய் ஏலக்கூடத்தில் சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டு நின்றான்.

ஒரு நாள் பனிமயத்தக்காவுக்குத் தாங்கவில்லை. முற்றத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

"ஏ கித்தேரி, கூடத்துல ரெண்டு தரம்னு சொல்லிட்டு என்ன செய்வ?"

"மூச்சு விடுவேன்."

"எதுக்கு விடுற?"

"கேக்கிறவுக கேக்கணும்லா. கேக்க விடாம முடிச்சா அது ஏலமாக்கா?"

"அப்போ இந்தப் பிள்ளை மட்டும் எப்பக் கேக்கும்? கண்ட களவாணிப் பயலுக்கெல்லாம் மூச்சு விட்டு நிக்க, பெத்த பிள்ளைக்கு ஒரு மூச்சு விட்டியா நீ?"

கித்தேரியான் பதில் சொல்ல வாயைத் திறந்தான், திறந்ததை அப்படியே மூடினான். ஜெனோவா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏங்க, டீச்சரும் அதத்தான் சொன்னாக. படத்தக் காட்டிக் கேளுங்க, கேட்டுட்டுச் சும்மா இருங்கன்னு. நீங்கதான் திருக்கை கதை பேசிட்டு இருந்தீக" என்றாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டது போதும் என்று மகளைப் பசுவுக்கு நேராக நிறுத்தி, பக்கத்தில் குந்தி, "இது என்னது மக்கா?" என்று கேட்டான், கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான்.

சும்மா இருப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. நாக்கு வாய்க்குள் உயிருள்ள மீன் மாதிரித் துள்ளியது, பல்லைக் கடித்து அடக்கினான், கண் கலங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. பனிமயத்தக்கா கருவாட்டுக் கையோடு அப்படியே நின்றாள், தெருவில் சைக்கிளில் போனவன் காலை ஊன்றினான், பெர்க்மான்ஸ் ஒருத்தருக்குப் பாதி மீசையில் கத்தரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். டெல்பினா அப்பன் வாயைப் பார்த்தாள், அது அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் பசுவைப் பார்த்தாள். அதன் ஒற்றைக் கண், கொம்பு, வாலில் கட்டின கல் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "மாடு" என்றாள்.

அச்சடித்த பேர் பசு, அவள் மாடு என்றாள், அதுவும் சரிதான். பசு சுவரிலிருந்து நழுவி, கல்லைக் கழற்றிப் போட்டுவிட்டு, கித்தேரியான் கக்கத்தில் இருந்த புத்தகத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த மூச்சுக்குள் யார் குரல் விழுந்ததோ அவர்களுக்குத்தானே சாமான். பனிமயத்தக்கா வெறும் சுவரைத் தடவிப் பார்த்தாள். பழகின சீவன் போனால் யாருக்குத்தான் கஷ்டமாக இருக்காது, ஆனாலும் பிள்ளையை வாரித் தூக்கி முத்தம் கொடுத்து ஒரு துண்டு கருப்பட்டியும் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு தெருவே சும்மா இருக்கப் பழகியது. டெல்பினா வருகிறாள் என்றால் ரேடியோவை அணைப்பார்கள், சண்டையைப் பாதியில் நிறுத்துவார்கள், படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு ஆள் ஆளுக்கு வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவள் பஸ் என்றால், ஆமா, சிவப்பு பஸ், டுர்ர்ருன்னு போற பஸ் என்று ஒரு துணுக்குக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டு மறுபடி சும்மா இருப்பார்கள், அவள் அந்தத் துணுக்கையும் வாங்கி வாய்க்குள் போட்டுக்கொள்வாள். பஸ் போனது, சேவல் போனது, குடை போனபோது மடத்துச் சமையல்காரிக்கு அப்பாடா என்று இருந்தது. வாய் திறந்த பிள்ளை ம்மா என்று ஜெனோவாவைக் கூப்பிட்டது, அத்தை என்று பனிமயத்தக்காவைக் கூப்பிட்டது, தெருநாயைக்கூட வா என்று கூப்பிட்டது. அப்பா மட்டும் வரவில்லை. கூப்பிடச் சொல்லித் தாருங்களேன் என்றாள் ஜெனோவா. "கேட்டு வாங்குற சாமானா அது?" என்று சொல்லிவிட்டுக் கித்தேரியான் கடற்கரைப் பக்கம் நடந்தான்.

மிச்சம் இருந்தது யானை. இசக்கிமுத்து அண்ணாச்சி அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். சாயம் போகும் என்று சொன்னார், வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. யானையைப் பார்க்க வருகிற கூட்டத்தால் வியாபாரம் நடக்கிறது, அதான் மனுசன் விடமாட்டேன் என்கிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். உண்மை அது இல்லை. பெண்டாட்டி போய்ச்சேர்ந்து, பிள்ளையும் இல்லாமல் கடையிலேயே படுத்துக்கொள்கிற ஆள், கடை அடைத்த பிறகு யானையின் கண் பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார், யானையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கித்தேரியானுக்கு இது தெரியும், எதிர்வீடு அல்லவா. அதனால் அவன் யானையைக் கேட்கவே இல்லை, டீக்கடையைத் தாண்டும்போது மகளை மறுபக்கம் இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவான்.

பிள்ளைக்கு நியாய அநியாயம் தெரியுமா. ஒரு சாயங்காலம் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, தெருவைக் கடந்து ஓடி, தார்ப்பாயின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கால் தெரிந்தது. அவள் இழுக்கவில்லை, அழவில்லை. நிமிர்ந்து இசக்கிமுத்துவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள், தெரு முழுக்க அவளுக்குச் செய்ததை அவள் அவருக்குச் செய்தாள். அவர் டீயை ஆற்றினார், ஆறின டீயை மறுபடி ஆற்றினார், பிள்ளை நகரவில்லை. கடைசியில் கிளாசை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்து, தார்ப்பாயை அவரே உருவிப் போட்டார்.

"இது யாரு தாயி?"

"ஆனை" என்றாள் டெல்பினா. சற்று யோசித்து, "மாமா ஆனை" என்றாள்.

யானை போய்விட்டது. இசக்கிமுத்து உள்ளே போய்க் கழுவின கிளாசையெல்லாம் மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். புத்தகம் நிறைந்துவிட்டது, தெருச்சுவர்கள் எல்லாம் வெறிச்சென்று கிடந்தன, சந்தோஷப்பட வேண்டிய நாளில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் டெல்பினா அந்தக் கவிழ்த்த கூடையில் தானே ஏறி உட்கார்ந்தாள். புத்தகத்தை மடியில் விரித்து, அப்பன் போலவே கழுத்தை நீட்டி, "ஆனை, ஆனை, ஆருக்கு?" என்று கூவினாள். தெரு கூடிவிட்டது. யாரும் கேட்கவில்லை, வாயில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அவளே சொன்னாள், "மாமாக்கு." யானை இறங்கி நடந்து டீக்கடைச் சுவருக்குப் போய்ச் சேர்ந்தது. இசக்கிமுத்து சத்தமில்லாமல் அழுதார், அழுதுகொண்டே சீனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார், ஏன் என்று அவருக்கும் தெரியாது. "மாடு, அத்தைக்கு." பசு போயிற்று. பஸ் பெர்க்மான்ஸுக்கு, சேவல் வாட்ச்மேன் தாத்தாவுக்கு, குடையை மட்டும் மடத்துச் சமையல்காரி கையெடுத்துக் கும்பிட்டதால் வேறு வீட்டுக்குத் தள்ளிவிட்டாள். கேட்டவர்களுக்குக் கொடுப்பது அப்பன் தொழில், கேட்காதவர்களுக்கும் கொடுத்தாள் மகள். எல்லாவற்றையும் கொடுத்து முடித்து வெறும் புத்தகத்தை மூடினாள். கித்தேரியான் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. ஏலக்காரனுக்கு என்ன வரும் என்று அவன் தன்னையே தேற்றிக்கொண்டான்.

பனிமயத்தக்கா பசுவின் வாலில் கல்லைக் கட்டிக்கொண்டே, பிள்ளைகளை எல்லாரும் சீண்டுகிற மாதிரிதான் சீண்டினாள்.

"எல்லாத்தையும் குடுத்துட்டியே டெல்பி, நீ யாருக்கு?"

கேட்ட பிறகுதான் கேட்டது என்ன கேள்வி என்று எல்லாருக்கும் உறைத்தது. அவள் வாயால் சொன்னால் படங்களே அசைகிற ஊரில் விளையாட்டுக்குக் கேட்கிற கேள்வியா இது. ஜெனோவா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டெல்பினா அம்மாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், கருப்பட்டி இருக்கிற டப்பாவையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரும்பிச் சுவரோரம் நின்றவனைப் பார்த்தாள். அவன் வாய் அசையவில்லை.

"அப்பாக்கு" என்றாள்.

பனிமயத்தக்கா குரலைச் சரிசெய்துகொண்டு, ஏலக்கூடத்து வழக்கம் பிசகாமல், "ஒரு தரம்" என்றாள், "ரெண்டு தரம்" என்றாள், நிறுத்தினாள். கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். அந்தப் பிள்ளைக்காக உசிரைக் கொடுக்கிற ஆட்கள்தான் அங்கே நின்றது அத்தனை பேரும், ஜெனோவாவுக்கு உதடு துடித்தது, ஆனாலும் ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

"மூணு தரம்."

டெல்பினா கூடையிலிருந்து குதித்து ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். கித்தேரியான் ஏதோ சொல்லப் போனான், வாய் திறந்தது, சொல் வரவில்லை. அவன் ஆயுசில் ஏலத்தில் வந்த முதல் சாமான். பரவாயில்லை, மெதுவாக வரட்டும் என்று தெரு முழுக்க வாயில் விரலை வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தது.